ஆளொழிந்த மேடு

1638 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கவுண்டியைச் சேர்ந்த விடிகம் கிராமத்துத் தேவாலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே சுமார் 300 பேர். திடீரென்று வானம் இருண்டு, கையில் இருக்கும் பிரார்த்தனைப் புத்தகத்தின் எழுத்துகூடத் தெரியாத அளவுக்கு இருட்டு கவிகிறது. இடி இறங்குகிறது. கூடவே ஒரு நெருப்புப் பந்து சன்னலைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்து கூட்டத்துக்கு நடுவே பாய்கிறது. கோபுர உச்சியில் நின்ற கல் கூம்பு முறிந்து, கூரையைப் பொத்துக்கொண்டு விழுகிறது.

நான்கு பேர் இறந்தார்கள். சுமார் 60 பேருக்குக் காயம். முயல் பண்ணைக் காவலர் ஒருவரைத் தூக்கித் தூணில் அடித்ததில் மண்டை பிளந்தது. ஒரு நாய் வாசலுக்கு வெளியே எறியப்பட்டுச் செத்துக் கிடந்தது. போதகர் ஜார்ஜ் லைடின் மனைவிக்கு உடையும் உடம்பும் வெந்தன. போதகருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வெளியே ஓடிவிடலாமா என்று யாரோ கேட்டபோது, வேறெங்கோ போய்ச் சாவதற்கு இங்கேயே ஜெபத்தை முடிப்போம் என்று அவர் சொன்னாராம். அதே ஆண்டில் லண்டனில் இதைப் பற்றிச் சிறு பிரசுரங்கள் அச்சாகி விற்றன. பந்து மின்னல் என்று இன்று நாம் சொல்லும் அபூர்வ நிகழ்வின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று என அறிவியலாளர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஊர்க்காரர்களுக்கு அறிவியல் வருவதற்கு முன்பே விளக்கம் கிடைத்துவிட்டது: வந்தது சாத்தான். அன்று மதியம் தெற்கே பவுண்ட்ஸ்கேட் என்ற குக்கிராமத்தின் மதுக்கடையில் கறுப்புக் குதிரையில் வந்திறங்கிய ஓர் அந்நியன் பியர் கேட்டான்; குடித்தபோது தொண்டையில் அது காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டாற்போல் சீறியது; அவன் கொடுத்த பொற்காசுகள் அவன் போன பிறகு காய்ந்த சருகாகின. நேரே விடிகம் போனவன் குதிரையைக் கோபுரக் கூம்பில் கட்டிவிட்டு, சீட்டுக்கட்டைக் கையில் பிடித்தபடி தேவாலயத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஜான் ரெனால்ட்ஸ் என்ற சூதாடியைத் தூக்கிக்கொண்டு பறந்தான். போகும் வழியில் நான்கு ஏஸ் சீட்டுகள் கீழே விழுந்தன. விழுந்த இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள்: வடமேற்கே ஒரு மலைச்சரிவில் பழைய கல்வேலி அடைப்புகள் நான்கு, ஏறத்தாழ ஸ்பேட், ஆர்ட்டின் வடிவில். அந்த மதுக்கடை இன்னும் நடக்கிறது.

இந்தக் கிராமத்தின் முழுப்பெயர் விடிகம்-இன்-த-மூர். லண்டன் பாடிங்டனில் ரயிலேறினால் சுமார் மூன்று மணி நேரத்துக்குள் நியூட்டன் அபட். அங்கிருந்து குறுகலான, இருபுறமும் செடிவேலி உயர்ந்த பாதைகளில் மேலேறினால் டார்ட்மூர் மேட்டு நிலம், சுருக்கமாக மூர். 954 சதுர கிலோமீட்டர். 1951 முதல் தேசியப் பூங்கா. அடியில் ஏறக்குறைய 28 கோடி ஆண்டுப் பழமையான கிரானைட். மேலே புல், ஹெதர் புதர், மஞ்சள் பூ முட்செடி, அப்புறம் கால் வைத்தால் உள்ளே இழுக்கும் கரிச்சதுப்பு. குன்றுகளின் உச்சியில் அடுக்கி வைத்தாற்போன்ற பாறைக் குவியல்கள்; இவற்றை டார் என்கிறார்கள். மரம் என்று சொல்ல அதிகமில்லை. பள்ளத்தாக்கின் மடியில் விடிகம் மட்டும் பச்சையாக, கோபுரத்தோடு நிற்கிறது.

சுற்றுலா விளம்பரங்களில் டார்ட்மூருக்கு ஒரே அடைமொழிதான்: இங்கிலாந்தின் கடைசிக் காட்டுவெளி. கானன் டாயிலின் 'பாஸ்கர்வில்ஸின் வேட்டைநாய்' அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூடுபனி, ஊளை, மனித வாடையே இல்லாத சூனியம். விடிகத்தைச் சுற்றி இரண்டு நாள் நடந்து பார்க்கக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டால் இந்தப் படம் நிற்காது. இங்கே இருப்பது மனிதன் வராத நிலம் அல்ல. வந்து, மரம் வெட்டி, வேலி போட்டு, தோண்டி, உடைத்து, கடைசியில் போட்டது போட்டபடி விட்டுப்போன நிலம். ஒருமுறை அல்ல, நான்கு முறையாவது.

தேவாலயத்திலேயே தொடங்கலாம். சில நூறு பேர் வாழும் கிராமத்துக்கு 120 அடிக் கோபுரம் எதற்கு? மூரின் பேராலயம் என்று செல்லப்பெயர் வைத்துவிட்டால் கேள்வி தீராது. கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் வெள்ளீயம் எடுத்தவர்கள் என்பது ஊர் வழக்கு. உள்ளே கூரைச் சட்டங்கள் கூடுமிடத்தில் ஒரு மரச்சிற்பம்: மூன்று முயல்கள் வட்டமாக ஓடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது தெரிகிறது, எண்ணினால் மொத்தம் மூன்றே காதுகள். வெள்ளீயக்காரர்களின் முயல் என்று இதை அழைக்கிறார்கள். ஆனால் இதே மூன்று முயல் சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தீட்டப்பட்டிருக்கிறது. பட்டுப்பாதையிலிருந்து டெவன் கிராமத்துக் கூரைவரை அது எப்படி வந்தது என்று பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள். சுவாரசியமான ஊகங்கள், அவ்வளவுதான். கோபுரத்தடியில் மரப்பலகைகளில் 1638 புயலின் கதை செய்யுளாக எழுதி மாட்டப்பட்டிருக்கிறது. இயற்றியவர் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். கவிதையாக அதற்கு மதிப்பெண் குறைவு. செய்தியாக முழு மதிப்பெண்.

தேவாலயத்தை ஒட்டி இருக்கும் சர்ச் ஹவுஸ் 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடம்; திருவிழா பியர் காய்ச்சவும் தொலைவிலிருந்து வருபவர்கள் தங்கவும் கட்டியது. வெளியே ஊர்த் திடலில் பெயர்ப்பலகை. அதில் ஒரே குதிரைமேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். செப்டம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நடக்கும் விடிகம் சந்தைக்கு டாம் பியர்ஸ் என்பவரின் சாம்பல் குதிரையை இரவல் வாங்கி ஏறிப்போன ஒரு கோஷ்டியைப் பற்றிய நாட்டுப்பாடல் இங்கிலாந்து முழுக்கத் தெரியும். குதிரை திரும்பவில்லை, நோயுற்றுச் செத்து, இன்றும் இரவில் மூரில் ஆவியாக அலைகிறது. பட்டியலின் கடைசிப் பெயர் அங்கிள் டாம் காப்லி. ஆள் பெயர்களை வரிசையாகச் சொல்லி அலுத்தால் ‘இன்னும் டாம் காப்லி வரைக்கும்’ என்று முடிப்பது ஆங்கிலேயரின் பேச்சு வழக்கு. இந்தப் பாடலை அச்சில் பரப்பியவர் சபைன் பேரிங்-கூல்டு என்ற பாதிரியார். பதினைந்து பிள்ளைகளின் தகப்பன், நாவலாசிரியர், துதிப்பாடல் எழுதியவர், கிராமம் கிராமமாகப் போய்க் கிழவர்களிடம் பாட்டு சேகரித்தவர். கொஞ்ச நேரத்தில் கையில் மண்வெட்டியோடு அவரை மறுபடி சந்திப்போம்.

கிழக்கே சில கிலோமீட்டரில் ஹேடார். 457 மீட்டர் உயரத்தில் இரட்டைப் பாறைத் திமில். கூட்டமெல்லாம் அதன்மேல் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. அதற்குப் பின்னால் கிடப்பதுதான் பார்க்க வேண்டியது. புல்லுக்குள் இரண்டு வரிசையாகக் கல் பாளங்கள் நீளமாகப் போகும். ஒவ்வொரு பாளத்தின் விளிம்பிலும் ஒரு படி செதுக்கியிருக்கிறது. அது தண்டவாளம். 1820-இல் ஜார்ஜ் டெம்ப்ளர் என்பவர் அமைத்த கிரானைட் டிராம்வே. ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் ஓடத் தொடங்கியதற்கு ஐந்து ஆண்டு முந்தியது. இரும்பு விலை, கல்லோ காலடியில் கிடக்கிறது. ஆகவே கல்லைக் கொண்டுபோகக் கல்லிலேயே தண்டவாளம்.

ஹேடார் குவாரியிலிருந்து கீழே கால்வாய்க் கரைவரை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். இறக்கத்தில் பாரவண்டிகள் தம் எடையிலேயே உருண்டன. காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்து வந்தன. கால்வாய் டெம்ப்ளரின் அப்பா வெட்டியது. அங்கிருந்து படகில் டெயின்மத் துறைமுகம், பிறகு கப்பலில் லண்டன். அப்படிப் போன கல் 1831-இல் திறக்கப்பட்ட லண்டன் பாலத்தில் ஏறியது. டெம்ப்ளர் கையைச் சுட்டுக்கொண்டவர். 1829-இல் சொத்தைச் சாமர்செட் பிரபுவிடம் விற்றுவிட்டார். பிறகு கார்ன்வால் கிரானைட் மலிவாக வந்தது; 1858 வாக்கில் டிராம்வே நின்றது. கடைசியாக 1919-இல் எக்ஸிட்டர் நகரப் போர் நினைவுச்சின்னத்துக்காகக் கொஞ்சம் கல் எடுத்தார்கள், அதோடு சரி.

லண்டன் பாலத்தின் கதை அங்கே முடியவில்லை. 1968-இல் அமெரிக்கத் தொழிலதிபர் ராபர்ட் மெக்கல்லக் அதை 24.6 லட்சம் டாலருக்கு வாங்கி, கல் கல்லாக எண்ணிட்டுக் கழற்றி, அரிசோனா பாலைவனத்தில் லேக் ஹவாசு நகரத்தில் 1971-இல் மறுபடி நிறுத்தினார். கான்கிரீட் எலும்புக்கூட்டின்மேல் பழைய கல் போர்த்திய பாலம் அது. டார்ட்மூரின் ஈரத்தில் உடைத்த கல்லைக் காண அரிசோனா வெயிலுக்குப் போகலாம். குவாரியில் இப்போது தண்ணீர் தேங்கி, அல்லி பூத்திருக்கிறது. துருப்பிடித்த பழைய பாரந்தூக்கியின் இரும்புகள் குளத்து நீரில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வருபவர்கள் அதை இயற்கைக் குளம் என்று படம் பிடித்துப்போவது வழக்கம்.

ஹேடாரிலிருந்து வடமேற்கே நடந்தால் ஹவுண்ட் டார். பாறைக்கும் அடுத்த குன்றுக்கும் இடையிலான சரிவில் ஒரு கிராமம் படுத்திருக்கிறது. கூரை இல்லை, ஆள் இல்லை. முழங்கால் உயரச் சுவர்கள் மட்டும். 1086-இல் வெற்றியாளர் வில்லியம் எடுப்பித்த டூம்ஸ்டே பதிவேட்டில் ஹுண்டடோரா என்று வரும் ஊர் இதுதான். இப்போது தெரியும் கல் சுவர்கள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1961 முதல் 1975 வரை மேரி மின்டர் என்ற பெண்மணி அகழாய்வு செய்து இதை வெளியே கொண்டுவந்தார். வாசல் வழியே உள்ளே போய் நின்றால் வீட்டின் அமைப்பு நம்மூர் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும்: நீளமான ஒரே கூரை, மேட்டுப் பக்கம் அடுப்பும் மனிதர்களும், தாழ்ந்த பக்கம் மாடுகளும், நடுவே குறுக்கு நடை. மாட்டுப் பக்கத்துத் தரையில் மூத்திரம் ஓட வெட்டிய வாய்க்கால் இன்னும் இருக்கிறது. மாட்டின் உடல்சூடு குளிர்காலத்தில் வீட்டுக்கு இலவசம்.

மூன்று கட்டடங்கள் கேள்வியைக் கிளப்பின. அவற்றுக்குள் அடுப்பு வைத்த மேடைகள். சமையலுக்கு அல்ல, தானியம் உலர்த்த. கதிர் வயலிலேயே காய வேண்டும். காயவில்லை என்றால் நெருப்பு மூட்டி உலர்த்த வேண்டியிருக்கிறது. அதாவது மழை கூடிவிட்டது. வீடாக இருந்த இடம்கூடத் தானியம் உலர்த்தும் கொட்டிலாக மாறியிருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கக் குளிர்ந்து நனைந்தது. 1348-49-இல் கறுப்புச் சாவு. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ ஹுண்டடோராவில் விளக்கு அணைந்தது. கொள்ளைநோய்தான் ஊரைக் கொன்றது என்று வழிகாட்டிகள் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். நோய் இங்கேயே எல்லாரையும் வாரிக்கொண்டு போனதற்குச் சான்று இல்லை. கீழே பள்ளத்தாக்கில் ஆட்கள் செத்து நல்ல நிலம் காலியானபோது, நனைந்த மேட்டில் ஓட்ஸைக் காயவைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? மேடு தோற்றது, பள்ளம் அழைத்தது. இந்த இரண்டும் சேர்ந்த கதையாகவே இது எனக்குப் படுகிறது.

ஹவுண்ட் டாரிலிருந்து சற்றுத் தள்ளிப் பாதையோரத்தில் ஒரு சின்ன மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல். ஜேயின் கல்லறை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நியூட்டன் அபட் அநாதை விடுதியிலிருந்து மனாட்டன் பக்கத்துப் பண்ணைக்கு வேலைக்கு வந்த பெண். பண்ணைக்காரர் மகன் ஏமாற்றிவிட்டான். அவள் உயிரை விட்டாள் என்பது கதை. தற்கொலை செய்தவர்களுக்குத் தேவாலய மண் மறுக்கப்பட்ட காலம். ஊர் எல்லைச் சந்திப்பில் புதைத்தார்கள், ஆவி வழி தெரியாமல் குழம்பட்டும் என்று. 1823-இல்தான் நாடாளுமன்றம் அந்த வழக்கத்துக்குச் சட்டத்தால் முடிவுகட்டியது. 1860 வாக்கில் சாலை வேலைக்காரர்கள் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. நிலக்காரர் ஜேம்ஸ் பிரையன்ட் அவற்றைப் பெட்டியில் வைத்து அதே இடத்தில் அடக்கம் செய்தார். பெயரும் காரணமும் கர்ணபரம்பரை, எலும்பு உண்மை. அந்த மேட்டில் எந்த நாளும் புதுப்பூ இருக்கும். பிக்ஸி என்ற குட்டித் தேவதைகள் வைப்பதாகச் சொல்வார்கள். இப்போது நாணயம், சிப்பி, பொம்மை என்று பயணிகளும் வைக்கிறார்கள்.

தெற்கே பக்லண்ட் பீக்கன் குன்றின்மேல் பத்துக் கட்டளைகளைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பழங்காலத்தது என்று நினைத்து யாராவது பரவசப்பட்டால் தடுக்க வேண்டும்: 1928-இல், திருத்திய பிரார்த்தனைப் புத்தகத்தை நாடாளுமன்றம் நிராகரித்த மகிழ்ச்சியில் பக்லண்ட் நிலக்கிழார் வில்லியம் விட்லி வெட்டச் சொன்னது. அதே மனிதர் கீழே கிராமத் தேவாலயக் கடிகாரத்தில் எண்களுக்குப் பதிலாக, ‘என் அன்பு அம்மா’ என்று பொருள்படும் பன்னிரண்டு ஆங்கில எழுத்துகளைப் பதிக்கச் செய்தார். நேரம் இருந்தால் பார்க்கலாம்.

இனி கிரிம்ஸ்பவுண்ட். விடிகத்தின் வடமேற்கே இரண்டு குன்றுகளுக்கு நடுவே, பெரிய கல்மதில் வளையம் ஒன்று. உள்ளே 24 வட்டக் குடிசைகளின் அடித்தளம். வயது சுமார் 3,300 ஆண்டு, வெண்கலக் காலத்தின் பின்பகுதி. மதிலுக்குத் தெற்குப் பக்கம் கல் பாவிய வாசல். ஒரு குடிசையின் முன்னால் காற்றைத் தடுக்க வளைந்த நுழைவாயில். ஓடைநீர் மதிலின் ஒரு மூலையைத் தொட்டுப் போகிறது. முற்றுகைக்குத் தாங்கும் கோட்டை அல்ல இது. குன்றுகள் இரண்டும் மதிலைவிட உயரம், மேலிருந்து கல் உருட்டினாலே போதும். ஆடுமாடுகளை இரவில் அடைக்கும் பெரும் பட்டி என்பதே பொருத்தம்.

1894-இல் இங்கே தோண்ட வந்த குழுவில் நம் பாதிரியார் பேரிங்-கூல்டு இருந்தார், ராபர்ட் பர்னார்டு என்ற ஆர்வலரும் இருந்தார். அடுப்பு, கரி, நெருப்பில் சுட்டுத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கப் பயன்பட்ட கற்கள் கிடைத்தன. 1901-இல் கானன் டாயில் தன் நண்பர் பெர்ட்ரம் ஃபிளெட்சர் ராபின்சனோடு பிரின்ஸ்டவுனில் தங்கி இந்த மேட்டில் சுற்றினார். நாவலில் ஷெர்லாக் ஹோம்ஸ் ஒளிந்திருக்கும் கற்குடில் கிரிம்ஸ்பவுண்டை நினைவுபடுத்துகிறது. நண்பரின் வண்டியோட்டியின் குடும்பப்பெயர் பாஸ்கர்வில்.

துப்பறியும் வேலையில் ஹோம்ஸை மிஞ்சிய ஒன்று 1970-களில் நடந்தது. டார்ட்மூர் முழுக்க, குன்று பள்ளம் பாராமல் நேர்கோட்டில் ஓடும் தாழ்ந்த கல்வரப்புகள் உண்டு. நீண்ட காலம் அவற்றைப் பழைய பாதை என்றோ இடைக்கால எல்லை என்றோ நினைத்தார்கள். தொல்லியலாளர் ஆண்ட்ரூ ஃபிளெமிங் அவற்றைப் பின்தொடர்ந்து நடந்தார், அளந்தார். அவை வெண்கலக் கால வயல் வரப்புகள். சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் மூரின் விளிம்பு முழுக்கத் திட்டமிட்டுப் பிரித்துப் போட்ட நிலங்கள். இன்று சூனியம் என்று படம் பிடிக்கும் மேட்டில் அன்று வேலி, வயல், வீடு. சதுப்பில் புதைந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்கள் இன்னும் பின்னால் போனார்கள்: அதற்கு முன் இங்கே ஓக்கும் ஹேசலும் மண்டிய காடு. மனிதன் எரித்தும் வெட்டியும் மேய்த்தும் அதை ஒழித்தான்.

2011-இல் வடக்கு மூரின் வொயிட்ஹார்ஸ் ஹில்லில் சதுப்புக்குள் ஒரு கல்பெட்டிச் சமாதி திறக்கப்பட்டது. 3,600 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கரடித்தோலில் சுற்றிய எரிந்த எலும்புகள், ஓர் இளம்வயதினருடையவை. கூடையில் 200-க்கும் அதிகமான மணிகள், அம்பர் உட்பட. பின்னல் வளையல் ஒன்றில் வெள்ளீயக் குமிழ்கள். அம்பர் வெளியிலிருந்து வந்த சரக்கு. இந்த மேடு உலகின் மூலை அல்ல, ஒரு சந்தையின் முனை என்று அந்தச் சின்னக் கூடை சொல்லியது. இரண்டு நூற்றாண்டு கழிந்ததும் வரப்புகளும் வந்தன. இன்னும் சில நூற்றாண்டில் மழை கூடி, மண் புளித்து, சதுப்பு ஏறியது. மக்கள் இறங்கிவிட்டார்கள். ஹுண்டடோராக்காரர்கள் பிற்காலத்தில் செய்ததும் இதையேதான்.

கிரிம்ஸ்பவுண்டைத் தாண்டி, மூரைக் குறுக்கே வெட்டிப் போகும் பெருஞ்சாலையில் வாரன் ஹவுஸ் இன். 434 மீட்டர் உயரத்தில் தனியே நிற்கும் விடுதி; 1845-இல் கட்டியதிலிருந்து அடுப்பு அணைந்ததே இல்லை என்பார்கள், பழைய விடுதியிலிருந்து தணலை மண்வாரியில் எடுத்து வந்தார்களாம். சாத்தான் தவறவிட்ட நான்கு ஏஸ்களை இங்கிருந்து பார்க்கலாம். எதிர்ப் பள்ளத்தாக்கு முழுக்கக் குடைந்து கிழிந்திருக்கிறது: விட்டிஃபர், பர்ச் டார், கோல்டன் டாகர் வெள்ளீயச் சுரங்கங்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியோடு அவையும் ஓய்ந்தன. மேற்கே போஸ்ட்பிரிட்ஜில், ஈஸ்ட் டார்ட் ஆற்றின் குறுக்கே நாலு மீட்டருக்கு மேல் நீளமான, எட்டு டன்னுக்கு மேல் எடையுள்ள கிரானைட் பாளங்களைத் தூண்மேல் கிடத்திய பாலம். சுண்ணாம்பு இல்லை, வளைவு இல்லை. வெள்ளீயம் சுமந்த குதிரைகள் கடக்க இடைக்காலத்தில் போட்டது. பக்கத்திலேயே 18-ஆம் நூற்றாண்டுச் சாலைப்பாலம் இருப்பதால் இரண்டையும் ஒரே படத்தில் எடுக்க எல்லோரும் ஆற்றில் இறங்குகிறார்கள். கல் வழுக்கும்.

எல்லாரும் தவறவிடும் இடம் இன்னும் மேற்கே, டூ பிரிட்ஜஸ் அருகே உள்ள க்ராக்கர்ன் டார். பார்க்க ஒன்றுமில்லை, சாதாரணப் பாறைக் குன்று. ஆனால் வெள்ளீயக்காரர்களின் நாடாளுமன்றம் இங்கேதான் வெட்டவெளியில் கூடியது. மன்னருக்கு வரி தரும் தொழில் என்பதால் 1305 சாசனத்தின்படி அவர்களுக்குத் தனிச் சட்டம், தனி நீதிமன்றம், தனிச் சிறை. டாவிஸ்டாக், ஆஷ்பர்டன், சாக்ஃபோர்டு, பிளிம்ப்டன் என்று நான்கு வெள்ளீய நகரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 24 பேர், ஆக 96 பேர் கல்லின்மேல் உட்கார்ந்து சட்டம் இயற்றினார்கள். யார் நிலத்திலும் தோண்டலாம், யார் ஓடையையும் திருப்பலாம். ஆற்று மணலை நீரால் அலசி எடுப்பதுதான் முறை. அலசிய சகதி ஆறுகளில் இறங்கிப் பிளிமத் துறைமுகத்தைத் தூர்த்தது.

பிளிம்ப்டன் உறுப்பினர் ரிச்சர்டு ஸ்ட்ரோட் 1512-இல் லண்டன் நாடாளுமன்றத்தில், துறைமுகத்தைக் காக்க வெள்ளீயக்காரர்களைக் கட்டுப்படுத்தும் மசோதா கொண்டுவர முயன்றார். அவரே வெள்ளீயத் தொழில் செய்தவர்தான். நான்கு நகர நீதிமன்றங்களும் ஆளுக்கு 40 பவுண்டு அபராதம் விதித்தன. கட்ட மறுத்ததால் பிடித்துப்போய் லிட்ஃபோர்டு கோட்டையின் நிலவறையில் போட்டார்கள். கால்விலங்கு, ரொட்டி, தண்ணீர், மூன்று வாரத்துக்கு மேல். முதலில் தூக்கிலிட்டு அப்புறம் விசாரிப்பதற்கு லிட்ஃபோர்டு சட்டம் என்று ஆங்கிலத்தில் பெயரே உண்டு, அப்படிப்பட்ட இடம். 1195-இல் சிறையாகவே கட்டிய சதுரக் கோபுரம் இன்றும் நிற்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை.

வெளியே வந்த ஸ்ட்ரோட்டுக்காக நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: மன்றத்தில் பேசியதற்கோ மசோதா கொண்டுவந்ததற்கோ உறுப்பினரை வெளியே யாரும் தண்டிக்கக் கூடாது. அவருக்கு மட்டுமான சட்டமா, எல்லோருக்குமா என்று வழக்கு நடந்து, 1667-இல் மக்களவை அது எல்லோருக்கும் பொதுவான சட்டம் என்று தீர்மானித்தது. 1689 உரிமைச் சாசனத்தில் அதே கருத்து உறுதியானது. நம் அரசமைப்புச் சட்டம் 1950-இல் வந்தபோது, நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமைகள் பிரிட்டிஷ் மக்களவையின் உரிமைகளே என்று 105, 194-ஆம் பிரிவுகளில் எழுதப்பட்டது. பிரிட்டிஷ் மக்களவையின் பெயரை 1978-இல் எடுத்தாலும் சரக்கு அதேதான். பேசியவனைச் சிறையிலிருந்து காக்கப் பிறந்த அந்த உரிமை வரிசையிலிருந்து வந்த அதிகாரத்தை வைத்து, 1987 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வெடித்ததும் சில நாளிலேயே விட்டார்கள். ஸ்ட்ரோட் லிட்ஃபோர்டில் கூடுதலாக இருந்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பேருந்து அரிது, கார் இருந்தால் இரண்டு நாளில் இவை எல்லாவற்றையும் பார்க்கலாம். மூர்ச் சாலைகளில் மணிக்கு 40 மைலுக்கு மேல் போகக் கூடாது, காரணம் நடுரோட்டில் நிற்கும் மட்டக்குதிரைகள். அவற்றுக்குத் தீனி கொடுப்பது குற்றம். காட்டுக்குதிரை என்று நினைத்துவிட வேண்டாம்; ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. மேய்ச்சல் உரிமை பெற்ற விவசாயிகள் இலையுதிர்காலத்தில் எல்லாவற்றையும் ஓட்டி வந்து அடைத்து, அடையாளம் பார்த்துப் பிரிக்கிறார்கள். மேய்ச்சல் நின்றால் இந்தப் புல்வெளியே பத்திருபது ஆண்டில் புதர்க்காடாகும். கூடாரம் போட்டுத் தங்கும் உரிமை டார்ட்மூர் பொதுநிலத்தில் உண்டா இல்லையா என்று ஒரு நிலக்கிழார் வழக்குப் போட்டு, 2025 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ‘உண்டு’ என்று ஒருமனதாகச் சொன்னது. 1985-ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுநிலச் சட்டம்தான் அடிப்படை. மூடுபனி நிமிடத்தில் இறங்கும். வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும், அலைபேசியை நம்ப வேண்டாம்.

க்ராக்கர்ன் டாரிலிருந்து தென்மேற்கே பார்த்தால் மேட்டின் நடுவில் பிரின்ஸ்டவுன். நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களை அடைக்க 1809-இல் திறந்த சிறை அங்கே இருக்கிறது. அடியிலிருக்கும் கிரானைட்டிலிருந்து கசியும் ரேடான் வாயுவால் 2024-இல் கைதிகளை எல்லாம் வெளியேற்றினார்கள். அங்கே அடைபட்டிருந்த அமெரிக்க மாலுமிகளின் கதை வேறு. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் 1814 டிசம்பரிலேயே சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று, வீடு திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்த அந்தக் கைதிகள்மேல் காவல் படை சுட்டது. ஏழு பேர் விழுந்தார்கள். போர் முடிந்த பிறகு ஏன் சுட்டார்கள் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)